சம்பந்தியை ‘யோவ்’ என்று கூப்பிட்ட விவகாரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவனும், விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பிப் பிழைப்பவனுமாகிய நான் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் சம்பந்தியம்மாவும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். முழங்கால் வலி குறைந்ததா, மாடிப்படி ஏற முடிகிறதா என்பதையெல்லாம் நேரில் வந்து கேட்டிருக்க வேண்டியவன், தாளில் எழுதிக் கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன். நம் பேத்தி நாலு கிலோவைத் தாண்டிவிட்டாள் என்று மகள் சொன்னாள். மூக்கு அப்படியே உங்கள் பக்கத்து மூக்கு என்றும் சொன்னாள். எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று பஸ் நிறுத்தம் தள்ளிக் குடியிருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் போன் மூன்று வாரமாக அணைத்தே கிடக்கிறது. தினம் இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் அந்தப் பெண்ணின் குரலில் இப்போதெல்லாம் கொஞ்சம் இரக்கம் தெரிகிற மாதிரி எனக்குப் படுகிறது. நேரில் வந்துவிடலாம் என்று இரண்டு முறை உங்கள் தெருமுனை வரை வந்தேன். முதல் முறை மழை பெய்ததால் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை மழை பெய்யாததால் வேறு காரணம் தேட வேண்டியதாகிவிட்டது. முனைக்கடையில் ஒரு துடைப்பம் வாங்கிக்கொண்டு, துடைப்பத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். “வீட்ல ரெண்டு இருக்கே, இது எதுக்கு?” என்று கேட்ட மனைவியிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். சம்பந்தியம்மாவிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். வேண்டாம், நான் இழுத்துவிட்டதை நானே சரிசெய்கிறேன் என்று தடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் பேத்தியைப் பார்த்துக்கொண்டு மகள் வீட்டில் பத்து நாள் இருந்தபோது, “மாமா நல்லாத்தான் இருக்காருப்பா. ஆனா உங்க பேச்சை எடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போயிடறாரு” என்று மகள் சொன்னாள். பால்கனியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். துணி காயப்போட்டிருக்கிறது என்றாள். ஒரு மனிதர் காயும் துணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அவர் மனதில் எவ்வளவு கோபம் இருக்க வேண்டும் என்பது புரியாத அளவுக்கு நான் முட்டாள் அல்ல.

ஆகவே அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிட அனுமதி வேண்டும்.

என் வேலை என்னவென்று கல்யாணப் பேச்சுவார்த்தை நடந்த நாளில் நீங்கள் கேட்டீர்கள். “ஏர்போர்ட்ல இருக்கேன்” என்று மட்டும் சொன்னேன். விமானம் ஓட்டுவதாக உங்கள் பக்கத்தில் யாரோ நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. அது என் முதல் தப்பு. நான் ஓட்டுவது எண்ணெய் வண்டி. விமானம் வந்து நின்றதும் இறக்கைக்கு அடியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, குழாயை மாட்டி, வண்டிக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு கம்பியை இணைத்து, கையில் ஒரு பிடியை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் எண்ணெய் ஓடும், விட்டால் நின்றுவிடும். நிரப்புகிறவன் மயங்கி விழுந்தால்கூட எண்ணெய் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தொட்டி நிறைய நிறைய, உள்ளே இருக்கும் ஆவி இறக்கை நுனிப் பக்கத்தில் ஒரு துவாரம் வழியாக வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தைச் சுற்றிப் பத்தடிக்கு நாங்கள் தீப்பெட்டி, போன், கேமரா எதுவும் கொண்டுபோகக்கூடாது. என் போன் காலையில் வேலைக்குப் போனதும் பெட்டிக்குள் போய்விடும், வேலை முடிந்துதான் வெளியே வரும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு போனால் தீப்பிடித்து நான் பார்த்ததில்லை. உங்களிடம் பொய் சொல்வானேன். ஆனால் கைதவறிக் கீழே விழுந்து, பேட்டரி அடிபட்டு, ஒரே ஒரு பொறி கிளம்பினால் போதும். அதைவிடப் பெரிய ஆபத்து, போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற மனுஷனுக்குத் தான் எங்கே போகிறோம் என்பதே தெரியாது. ஒரு ஆள் போனில் பேசிக்கொண்டே விமானத்தின் சுற்றுகிற விசிறியை நோக்கிப் போனதையும், இரண்டு பேர் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். கீழே இறக்கி விட்டதும் அவர், “ஹலோ, லைன்ல இருக்கியா?” என்றார்.

இப்போது அன்றைய தினத்துக்கு வருகிறேன். எனக்கு லீவு கிடைக்காததால் பேத்தியைப் பார்க்க நீங்கள் இரண்டு பேரும் முதலில் கிளம்பினீர்கள். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். எந்த விமானம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அது என் இரண்டாவது தப்பு. நம் ஊர் விமான நிலையம் சின்னது, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி தரையில் நடந்துபோய்ப் படி ஏற வேண்டும். நடக்கிற வழிக்கு இரண்டு பக்கமும் கூம்பு வைத்து, ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் நின்று வழிகாட்டுவாள். விமானம் தாமதமாக வந்ததால் ஆட்கள் ஏறும்போதே எண்ணெய் நிரப்ப வேண்டியதாயிற்று. அதற்காகத் தீயணைப்பு வண்டியும் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்த இடத்தில் நின்ற விமானம் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தது. நான் பிடியை அழுத்திக்கொண்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலையைத் தூக்கினால், கூம்புகளைத் தாண்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், முகம் முழுக்கச் சிரிப்பாக, போனை விளக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு, நேராக அந்த இறக்கை நுனியை நோக்கி ஒருவர் நடந்து வருகிறார். சம்பந்தியம்மா கையில் பையோடு ஏற்கெனவே பாதிப் படியில் இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது. வருகிறவர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்த அதே நொடியில் போனில் இருப்பது யார் என்பதும் தெரிந்துவிட்டது. வீடியோ காலில் என் மகளைக் கூப்பிட்டு, பிறந்து ஒன்பது நாளான குழந்தையை, அதுவரை நான் போட்டோவில் மட்டும் பார்த்திருந்த என் பேத்தியை, உயிரும் அசைவுமாக எனக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். என்மேல் இவ்வளவு பிரியம் வைத்து யாரும் எதுவும் செய்ததில்லை, சம்பந்தி. அப்படி வந்தவரைப் பார்த்துத்தான் நான் கையை ஆட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“யோவ்! நில்லுய்யா! போனை அணை! கிட்ட வராத!”

எழுதும்போதே கை கூசுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் உங்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று என் மனைவி எனக்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். ‘சொல்லுங்க’ என்பதைக்கூட ‘சொல்லுங்க சம்பந்தி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கினாள். மூன்று வருஷமாக ஒரு ‘ங்க’ விட்டுப்போகாமல் கட்டிக் காப்பாற்றியதை ஒரே மூச்சில் போட்டு உடைத்தேன். ஆனால் நீங்களும் யோசித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்குகிறவனிடம், “ஐயா, தாங்கள் சற்று உள்ளே எழுந்தருள முடியுமா?” என்றா கேட்டீர்கள்? ‘தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள் சம்பந்தி’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் நாலடி வந்திருப்பீர்கள். எனக்கு மிச்சம் இருந்ததே நாலடிதான். கத்திய பிறகும் நீங்கள் நிற்கவில்லை, இன்னும் வேகமாக இரண்டடி வைத்தீர்கள். ரோஷத்தில் வருகிறீர்கள் என்று நினைத்தேன். பிடியை விட்டேன், எண்ணெய் நின்றது. ஓடிப்போய் வண்டியின் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினேன். அதற்குள் ஆரஞ்சுச் சட்டைப் பெண் பின்னாலிருந்து வந்து உங்கள் தோளைப் பிடித்தாள். நீங்கள் திடுக்கிட்டதில் போன் கையிலிருந்து நழுவி, தரையில் குப்புற விழுந்து, கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. தீயணைப்புக்காரர்கள் குழாயோடு இறங்கிவிட்டார்கள். படியில் ஏறிக்கொண்டிருந்த நூறு பேரும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். போனுக்கு அந்தப் பக்கம் இருந்த மகளுக்குத் தெரிந்ததெல்லாம் என்னுடைய பிளந்த வாய், அப்புறம் வானம், அப்புறம் இருட்டு. உடனே அவள் அம்மாவைக் கூப்பிட்டு, “அம்மா, அப்பாவும் மாமாவும் ஏர்போர்ட்ல சண்டை போட்டுக்கறாங்க!” என்று அழுதிருக்கிறாள்.

இது வரைக்கும் சொல்வது எனக்குச் சுலபம். விதி என் பக்கம் இருக்கிறது. இனிமேல் எழுதப்போவதற்கு எந்த விதியும் துணை இல்லை. மூன்று வாரமாக என்னை அரித்துக்கொண்டிருப்பதும் அதுதான்.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஒரு கையால் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என் காதோடு வாய் வைத்து, “இந்த ஆள் உனக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டார். அந்த ஒரு நிமிஷத்தில் என் மண்டைக்குள் என்னவெல்லாமோ ஓடியது. உறவு என்று சொன்னால், நான்தான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன் என்று எழுதிவிடுவார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, “தெரியாது சார், யாருன்னே தெரியாது” என்றேன்.

சொல்லிவிட்டேன், சம்பந்தி. ‘யோவ்’ என்றதாவது உயிரைக் காப்பாற்றச் சொன்னது. இது என் வேலையைக் காப்பாற்றச் சொன்னது. உங்களை அழைத்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்து ஏற்றினார்கள். நூறு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நீங்கள் படி ஏறியதை இறக்கைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டு, கையில் பிடியை அழுத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நிரப்பிய எண்ணெய் போல எனக்கு எந்த எண்ணெயும் கனத்ததில்லை.

மறுநாள் விசாரணைப் படிவத்தில் ‘சம்பந்தப்பட்டவருடன் உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். சம்பந்தியை வைத்துக்கொண்டே சம்பந்தமில்லை என்று எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் மேற்பார்வையாளர் அறைக்குப் போய் நின்றேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரூல்தடி. “சார், அன்னிக்கு வந்தவரு என் சம்பந்தி சார்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஏன்யா, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா? சொந்தச் சம்பந்தின்னுகூடப் பார்க்காம நிறுத்தினான்னு உனக்குப் பாராட்டுக் கடிதமே எழுதியிருப்பேனே!”

“இப்ப எழுதலாமா சார்?”

“இப்ப பொய் சொன்னதுக்கு ரெண்டு வாரம் வகுப்பு. புதுசா சேர்ந்தவங்களோட போய் உட்காரு” என்றார். அதோடு விட்டிருக்கலாம். நான் வாசலைத் தாண்டும்போது, “அந்த ஆளும் உன்னை யாருன்னே தெரியாதுன்னுதான்யா எழுதிக் கொடுத்திருக்காரு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம்தானே. நான் தெரியாது என்றதைக் கேட்ட பிறகு நீங்கள் மட்டும் எதற்காகத் தெரியும் என்று சொல்ல வேண்டும்? அந்த இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்து எழுதியிருப்பேன்.

வகுப்பில் என் மாப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதிக்கொடுத்த குறிப்பையே எனக்குப் பாடம் நடத்தினார்கள். கடைசி நாள் செய்முறைத் தேர்வு. பயிற்சியாளர் ஒரு டப்பாவைப் போன் மாதிரி நீட்டிக்கொண்டு, “நான் பயணி. இறக்கைப் பக்கம் வர்றேன். என்ன செய்வீங்க?” என்று சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். எனக்கு அவர் முகம் மறைந்து உங்கள் முகம் தெரிந்துவிட்டது. “கொஞ்சம் நில்லுங்க... உங்களைத்தாங்க... தப்பா எடுத்துக்காதீங்க...” என்றேன். அவர் நிற்காமல் வந்து, தரையில் வரைந்து வைத்திருந்த இறக்கைமேல் ஏறி நின்றுகொண்டு, “இவ்வளவு மரியாதையா சொன்னா இந்நேரம் நாம எல்லாருமே மரியாதையா எரிஞ்சு போயிருப்போம்” என்றார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். தேர்வில் தேறவில்லை. மறுபடி ஒருநாள் வைத்தார்கள். அன்றைக்கு என்னை நானே திட்டுவதாக நினைத்துக்கொண்டு கத்தினேன், முழு மதிப்பெண் கொடுத்தார்கள். நேற்றிலிருந்து மறுபடியும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். நீங்கள் வருவீர்களா என்று கேட்டால், “அப்பா ஒண்ணும் சொல்லல மாமா” என்கிறார். நீங்கள் இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பெயரைச் சொல்வது? அவள் ஒன்பது நாள் குழந்தையாக இருந்தபோது அவளை என்னிடம் கொண்டுவர நடந்தவர் நீங்கள். நடக்கக்கூடாத பக்கம் நடந்தீர்கள், அது வேறு விஷயம். அன்றைக்கு நான் சொன்ன இரண்டு பேச்சுக்கும் உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க எனக்குத் தயக்கமில்லை. முழங்கால் வலி இருப்பதால் எந்தக் கால் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். உங்கள் வீட்டு மாடிப்படி உங்கள் முழங்காலுக்குப் பணிந்து நடக்கட்டும். பேத்தி உங்கள் மூக்கோடும், கடவுள் மனது வைத்தால் எங்கள் பக்கத்துக் காதோடும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை நன்றாகத் தெரிந்த,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி வந்து நின்றாள். “நான் சம்பந்தியம்மாகிட்ட பேசிட்டேன். திட்டுறதா இருந்தா திட்டிக்கோங்க” என்றாள். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்றைக்குப் பக்கத்து விமானத்தின் இரைச்சலில் உங்கள் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லையாம். நான் வாயைப் பிளந்து கையை ஆட்டியதைப் பார்த்து, பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் மனுஷன் குதிக்கிறார் என்று நினைத்து, இன்னும் கிட்டே கொண்டுபோய்க் காட்டலாம் என்றுதான் வேகமாக நடந்தீர்களாம். அதிகாரியிடம் நான் தலையை ஆட்டியது, உங்களை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியதாக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறீர்கள். என் வேலைக்கு வம்பு வரக்கூடாது என்று, என்னைத் தெரியவே தெரியாது என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, “சம்பந்தியைத் தெரியாதுன்னு எழுதிட்டேனே, அவருக்குத் தெரிஞ்சா எந்த முகத்தோட நிப்பேன்” என்று வெட்கப்பட்டுத்தான் பால்கனிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களாம். போன் அன்றைக்கு விழுந்ததோடு செத்துப்போய்விட்டதாம், வேறு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்பது வரைக்கும் முடிவாகிவிட்டதாம்.

ஆக, உங்களை ‘யோவ்’ என்றதும், தெரியாது என்றதும் இந்தக் கடிதத்தைப் படிக்கும் வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் இதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். “கிழிச்சீங்கன்னா ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னால நானே வாயால சொல்லிடுவேன்” என்கிறாள் உங்கள் சம்பந்தியம்மாவாகிய என் மனைவி. வேறு வழியில்லாமல் அனுப்புகிறேன். இதுவரை என்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இனிமேல் கோபப்படுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பிட்டு, குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் நிதானமாகப் படவும்.